கையசைவு விளையாட்டுப் பெட்டி: வாங்குமுன் ஒரு கணக்கு

கடைக்கு ஒரு புதிய சரக்கு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? கம்பெனி ஆள் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் உடனே பத்துப் பெட்டி இறக்கச் சொல்லிவிடுவதில்லை. அடக்கம் என்ன, கழிவு எவ்வளவு, விற்காவிட்டால் திருப்பி எடுத்துக் கொள்வார்களா, அடுத்த சரக்கு தொடர்ந்து வருமா என்று நாலு கேள்வி கேட்ட பிறகே கொள்முதல் செய்கிறோம். ஆனால் அதே வணிகர் தம் வீட்டுக்கு ஒரு பொருள் வாங்கப் போகும்போது இந்தக் கேள்விகளைக் கல்லாவிலேயே வைத்துவிட்டுப் போய்விடுகிறார். பேரன் கேட்டான், வாங்கிக் கொடுத்தேன் என்பதோடு கணக்கு முடிந்து விடுகிறது.

பிள்ளைகள் கேட்கும் அப்படிப்பட்ட பொருள்களில் ஒன்று, டி.வி.யோடு இணைத்து, கையை அசைத்து விளையாடும் வீடியோ கேம் பெட்டி. "உட்கார்ந்து விளையாடுவது இல்லை தாத்தா, ஓடியாடி விளையாடுவது, உடம்புக்கு நல்லது" என்று சொல்லிக் கேட்பார்கள். விலையோ பல ஆயிரம். வாங்கலாமா, வேண்டாமா? சரக்குக் கொள்முதல் செய்வது போலவே இதையும் நிதானமாகப் பார்ப்போம்.

சரக்கு எப்படிப்பட்டது?

இந்த வகைப் பெட்டியை உலகமெங்கும் பரவச் செய்தது ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி. 1889-ல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு தயாரிக்கும் தொழிலாகத் தொடங்கிய பழைய நிறுவனம் அது. 2006 நவம்பர் 19-ல் அமெரிக்காவில் 'வீ' என்ற பெட்டியை 250 டாலருக்குக் கொண்டு வந்தார்கள். அதே வாரத்தில் சோனி கம்பெனி இறக்கிய பிளேஸ்டேஷன் 3 பெட்டியின் விலை 500 டாலரும் 600 டாலரும். சோனியின் பெட்டியில் படம் மிகத் துல்லியம். வீ பெட்டியிலோ, ரிமோட்டைக் கையில் பிடித்து டென்னிஸ் மட்டை போல வீசினால் திரையில் உள்ள ஆளும் வீசுவான். வீடியோ கேம் பக்கமே போகாத பெரியவர்களும் அதை விளையாடினார்கள்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. ரிமோட்டுக்குள் அசைவை அறியும் சிறு சில்லு ஒன்று இருக்கிறது. டி.வி.க்கு மேலோ கீழோ வைக்கும் பட்டை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை மட்டும் வீசுகிறது. ரிமோட்டின் நுனியில் உள்ள கேமரா அந்த ஒளியைப் பார்த்து, கை எங்கே காட்டுகிறது என்று கணக்கிடுகிறது. பட்டை பழுதானால் அந்த இடத்தில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தாலும் ரிமோட் வேலை செய்யும்.

2010-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி 'கினெக்ட்' என்ற கேமராவை 150 டாலருக்கு விற்றது. இதற்கு ரிமோட்டே தேவையில்லை. ஆளின் உடல் அசைவையே கேமரா பார்த்துக் கொள்ளும். முதல் 60 நாளில் 80 லட்சம் விற்றது.

அடக்க விலை என்ன?

பெட்டியின் மேல் எழுதியிருப்பது விலை. வீட்டுக்கு வந்து சேரும்போது ஆவது அடக்கம். இரண்டும் ஒன்றல்ல என்பது வணிகருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வீ பெட்டியையே எடுத்துக் கொள்வோம். 250 டாலருக்கு ஒரு ரிமோட்டும், அதோடு சேரும் 'நன்சக்' என்ற இடக்கைக் கருவி ஒன்றும்தான் வந்தன. நாலு பேர் சேர்ந்து விளையாட இன்னும் 3 ரிமோட் வேண்டும். ஒன்று 40 டாலர் வீதம் 120. மூன்று நன்சக், 20 டாலர் வீதம் 60. ஆக மொத்தம் 430 டாலர். உடற்பயிற்சிக்கென்று 2008-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த நிற்கும் பலகையும் அதன் விளையாட்டும் 90 டாலர். நாலு ரிமோட்டுக்கு எட்டு பென்சில் பேட்டரி. இதற்கு மேல் புதிய விளையாட்டுகள் வாங்கும் செலவு தனி.

சேதாரமும் உண்டு. வேகமாக வீசும்போது ரிமோட் கை நழுவி டி.வி. மேலேயே பாய்ந்த சம்பவங்கள் நடந்தன. பெட்டி வந்த ஒரு மாதத்திலேயே, 2006 டிசம்பரில், 32 லட்சம் மணிக்கட்டு வார்களை இலவசமாக மாற்றித் தருவதாக அந்தக் கம்பெனி அறிவித்தது.

இடமும் அடக்கத்தில் சேர்ந்ததே. கினெக்ட் கேமராவுக்கு முன்னால் ஒருவர் விளையாட ஆறடி, இருவர் விளையாட எட்டடி தள்ளி நிற்க வேண்டும் என்றார்கள். முன்புறம் கடை, பின்புறம் வீடு, நடுக்கூடத்திலும் பாதி இடத்தில் சரக்கு என்று வாழும் நம் போன்றோர் முதலில் அளந்து பார்க்க வேண்டியது கூடத்தைத்தான்.

உடம்புக்கு நல்லதா?

விற்பனைக்குச் சொல்லும் பெரிய காரணம் இது. இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் லிவர்பூல் நகர ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, உட்கார்ந்து விளையாடும் கேமை விட வீ விளையாட்டில் பிள்ளைகளின் உடல் அதிகச் சக்தியைச் செலவிடுகிறது. ஆனால் உண்மையாகவே மைதானத்தில் ஆடுவதற்கு அது ஈடாகவில்லை.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடந்த மற்றொரு ஆய்வு 2012-ல் வெளியாயிற்று. 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு வீ பெட்டி கொடுத்து, ஒரு பகுதியினருக்கு ஓடியாடும் விளையாட்டுகளும் மற்றவர்களுக்குச் சாதாரண விளையாட்டுகளும் தந்தார்கள். சுமார் மூன்று மாதம் அளந்து பார்த்ததில் இரு தரப்புப் பிள்ளைகளின் உடலசைவிலும் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே உடற்பயிற்சிக் கருவி என்று நினைத்து இதை வாங்குவது சரியான கொள்முதல் ஆகாது. தெருவில் விளையாடும் பந்துக்கு இது மாற்று அல்ல. வீட்டார் கூடிச் சிரித்து விளையாட ஒரு சாதனம் என்றால் அது நியாயமான காரணம்.

பின்னால் சரக்கு வருமா?

இதுதான் முக்கியமான கேள்வி. பெட்டி மட்டும் இருந்தால் போதாது; அதற்கு விளையாட்டு, உதிரி பாகம், கம்பெனியின் ஆதரவு எல்லாம் தொடர்ந்து வர வேண்டும்.

வீ பெட்டி மொத்தம் 10 கோடிக்கு மேல் விற்றது. ஆனால் 2012-ல் வந்த அடுத்த பெட்டியான 'வீ யு' சுமார் 1 கோடியே 36 லட்சத்தோடு நின்றுவிட்டது. ஒரு முறை புதுமைக்காக வந்த வாடிக்கையாளர் மறுமுறை வரவில்லை என்றே நான் இதைப் புரிந்து கொள்கிறேன். வீ பெட்டியின் இணைய வழி ஆட்டச் சேவை 2014 மே மாதம் நின்றது. அதன் இணையக் கடையை 2019 ஜனவரியில் மூடினார்கள்.

கினெக்ட் கதையும் அதுவே. 2013-ல் மைக்ரோசாப்ட் தன் புதிய எக்ஸ்பாக்ஸ் ஒன் பெட்டியோடு கினெக்ட்டையும் கட்டாயமாகச் சேர்த்து 500 டாலர் என்றது. சோனி தன் பெட்டியை 400 டாலருக்கு விற்றது. சர்க்கரை கேட்பவரிடம் சோப்பையும் சேர்த்து வாங்கு என்றால் அவர் எதிர்க்கடைக்குப் போவார் அல்லவா? 2014 ஜூனிலேயே கினெக்ட் இல்லாமல் 400 டாலருக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2017-ல் கினெக்ட் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே யாராவது பழைய வீ பெட்டியோ கினெக்ட்டோ மலிவாகத் தருகிறேன் என்றால், கையிருப்பில் உள்ள விளையாட்டுகளோடு சேர்த்து மட்டும் விலை பேசுங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டு வந்த வீ என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. அதன் மின் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு உரியது. நம் ஊர் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் வீணாகிவிடும். வேறு நாட்டுக்கென விற்ற விளையாட்டுத் தட்டும் அதில் ஓடாது.

புதிதாக வாங்குவதானால், 2017 மார்ச்சில் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் பெட்டியில் கையசைவு வசதி உண்டு. அதன் அடாப்டர் நம் மின்சாரத்துக்கும் பொருந்தும். எந்த நாட்டில் வாங்கிய விளையாட்டும் ஓடும். ஆனால் விலை குறைவு என்று 'ஸ்விட்ச் லைட்' வாங்கிவிடாதீர்கள். அதை டி.வி.யில் இணைக்க முடியாது. கைக்கருவிகளும் பெட்டியிலிருந்து கழலாது. கையை வீசி விளையாடத் தனியே கருவி வாங்க வேண்டும். 2025 ஜூனில் 'ஸ்விட்ச் 2' அமெரிக்காவில் 450 டாலருக்கு வந்திருக்கிறது. எதை வாங்கினாலும் முறையான பில் உண்டா, பழுதானால் உத்தரவாதம் கொடுப்பது கம்பெனியா அல்லது விற்கும் கடைக்காரர் மட்டுமா என்று கேட்டு, எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.

கணக்கு போடும் முறை

உதாரணத்துக்கு எல்லாம் சேர்த்து அடக்கம் 30,000 ரூபாய் என்று வைப்போம். ஆசை தீர இருபது நாள் விளையாடிவிட்டுப் பரணில் போட்டால் ஒரு நாள் விளையாட்டுக்கு 1,500 ரூபாய் ஆகிறது. ஞாயிறுதோறும் குடும்பமாக விளையாடி, மூன்று ஆண்டில் 150 நாள் பயன்பட்டால் ஒரு நாளுக்கு 200 ரூபாய்தான். பொருள் ஒன்றே, புழக்கத்தைப் பொறுத்து விலை மாறுகிறது. கடையில் தேங்கும் சரக்கு முதலை முடக்குவது போலத்தான் இதுவும்.

ஆகவே நான் சொல்லும் யோசனை இது:

1. வாங்குமுன், ஏற்கெனவே வைத்திருப்பவர் வீட்டில் பிள்ளைகள் இரண்டு மூன்று முறை விளையாடிப் பார்க்கட்டும். மூன்றாவது முறையும் அதே ஆவல் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

2. கூடத்தில் டி.வி.யிலிருந்து எட்டடி இடம் ஒழிக்க முடியாவிட்டால், வாங்கும் பேச்சை அத்தோடு நிறுத்துங்கள்.

3. கூடுதல் கருவி, விளையாட்டு எல்லாம் சேர்த்து அடக்கம் எழுதி, அதைப் பிள்ளைகளிடமே காட்டுங்கள். கணக்குப் பார்த்து வாங்கும் பழக்கம் அவர்களுக்கும் வரும்.

4. கடை முதலிலிருந்து எடுக்காதீர்கள். தீபாவளி வசூல் முடிந்து, மொத்த வியாபாரிக்குச் சேர வேண்டியதைச் சேர்த்த பிறகு, வீட்டுச் சேமிப்பில் மிஞ்சினால் வாங்கலாம். தவணைக்கு வாங்குவது கூடவே கூடாது.

5. எந்த நாளில், எந்த நேரத்தில் நீங்களும் சேர்ந்து விளையாடப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

இந்த ஐந்தாவதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்துக்கு மூடும் நம் வீடுகளில் பிள்ளைகளுக்குக் குறைவாகக் கிடைப்பது அப்பாவின் நேரம்தான். அந்த நேரத்துக்குப் பதிலாகப் பெட்டியைக் கொடுத்தால் அது சில வாரத்தில் பரணுக்குப் போய்விடும். வாரம் ஒரு மணி நேரம் உங்களால் ஒதுக்க முடியும் என்றால் தாராளமாக வாங்குங்கள். முடியாது என்றால் அந்தப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.