கட்டுமரமும் பறக்கும் ‘மரனும்’

நாரந்தனைக் கரையில் நின்று கடல் பார்க்கும் நம்மவர்க்கு ‘டிரைமரன்’ என்ற பெயர் புதிதாக ஒலிக்கலாம். அதன் பின்பாதி நம் வீட்டுச் சொத்து, நேயர்களே. சோழமண்டலக் கரையினர் மரங்களைப் பிணைத்துக் கடலேறியதை ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளிவந்த தம் நூலிற் குறித்தார். கட்டுமரம் அவர்கள் நாவிற் ‘கற்றமரன்’ ஆயிற்று. அறம் ‘அறன்’ ஆவதுபோல் மரம் ‘மரன்’ ஆவது நமக்குக் கடைப்போலி. அவர்களுக்கு வெறும் நாப்பிறழ்வு! இருபதாம் நூற்றாண்டில் அதன் முன்பாதியை வெட்டி, மூன்றெனப் பொருள்படும் ‘டிரை’யை ஒட்டினர்.

சொல் நமதாதலாற் படகும் நமதென மேடையில் முழங்குவோர் உளர். அது பிழை. நாம் மரங்களைப் பிணைத்தோம். ஈருடற் படகு பசுபிக் தீவினரின் ஆக்கம். போனது சொல்லே.

இன்றைய பந்தய டிரைமரனில் மரமே இல்லை. கரியிழையைப் பிசினில் தோய்த்து அடுக்கி வார்க்கிறார்கள். கரைசேர்ந்ததும் கட்டவிழ்த்து உலர்த்துவது நம் கட்டுமரம். இதில் அவிழ்க்க முடிச்சே கிடையாது. நடுவுடலுக்கு இருபுறமும் இரு மிதவைகள். அவற்றின் கீழே நீருக்குள் சிறகுத் தகடுகள். நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்ந்ததாதலால், சிறு சிறகே பல தொன் எடையைத் தூக்கும். வேகம் இரட்டித்தால் தூக்குவிசை நான்கு மடங்காகும். உடல் நீரைவிட்டு எழும்; இழுவை குறையும்.

ஆனால் 50 கடல்மைல் வேகத்தை அண்மிக்கையில், சிறகின் மேற்புறத்தே அழுத்தம் வீழ்ந்து, குளிர்ந்த நீரே கொதிப்பதுபோற் குமிழியிடும், தூக்குவிசை குலையும். வடிவமைப்போரின் தலையிடி இதுவே. அவ்வெல்லையைத் தாண்டிய பிரான்சின் ‘இத்ரொப்தேர்’, 2009இல் 500 மீற்றர் தூரத்தை மணிக்குச் சராசரி 51.36 கடல்மைல் வேகத்திற் கடந்தது.