உங்களுக்குத் தெரியுமா? கூவினால்தான் அவுட்!

கிரிக்கெட் ஆடும் இடமெல்லாம் ‘ஹவ்ஸாட்!’ ஒலிக்கும். பிறப்பில் அது ‘ஹவ் இஸ் தட்?’ என்ற கேள்வி. வாய்விட்டுக் கத்தும்போது உணர்ச்சிக் கூவல். ஆங்கில இலக்கணத்தில் இத்தகைய கூவல்கள் பல: ‘ஹுர்ரே’ மகிழ்ச்சிக்கு, ‘அலாஸ்’ துயரத்துக்கு. இவை வாக்கியத்தோடு ஒட்டாமல் தனித்து நிற்கும். பெரும்பாலும் ஆச்சரியக்குறியும் சேரும்.

‘ஹவ்ஸாட்’டுக்கு மட்டும் சட்ட வலுவே உண்டு. கிரிக்கெட் விதி 31-இன்படி, ஃபீல்டிங் அணி முறையிடாவிட்டால் நடுவர் அவுட் கொடுக்க முடியாது. அதுவும், பந்துவீச்சாளர் அடுத்த பந்துக்கு ஓடத் தொடங்குவதற்குள் கேட்டுவிட வேண்டும். எந்த வகை அவுட் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு கூவலே எல்லாவற்றுக்கும் போதும்.

இத்தகைய கூவல்களின் வரிசையில், நாம் பதறிச் சொல்லும் ‘ஐயோ’வும் 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் இடம்பிடித்துவிட்டது.