களுவாஞ்சிக்குடிக்குக் கிட்ட எது? இடந்தெரிவும் ஜிஐஎஸ்ஸும்

களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையை மையமாக வைத்துத் தேசப்படத்தில் சில கிலோமீற்றருக்கு ஒரு வட்டம் வரைந்தால், மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையில் உள்ள மண்டூரும் அதற்குள் வந்துவிடும். ஆனால் அங்கிருந்து ஒரு நோயாளியைக் கொண்டுவர, இயந்திரப் பாதையில், அதாவது இயந்திர மிதவையில், குருமண்வெளித் துறைக்குக் கடக்க வேண்டும். இல்லையேல் வெல்லாவெளி, போரதீவு என்று சுற்றிப் பட்டிருப்புப் பாலத்தால் வர வேண்டும். வட்டத்துக்கு வாவி தெரியாது. வைத்தியசாலையோ பாடசாலையோ வெள்ள அடைக்கல நிலையமோ எங்கே அமையலாம் என்று பார்க்கப் புவியியல் தகவல் முறைமை, அதாவது ஜிஐஎஸ், தேவைப்படுவது இதனால்தான். வீதி, பாலம், நில உயரம், வயல், குடித்தொகை ஆகிய ஒவ்வொன்றும் அதில் தனித்தனிப் படலம். வெள்ளம் ஏறும் பள்ளம், கண்டற்காடு போன்ற ஆகாத நிலத்தை முதலில் கழித்துவிடுவார்கள். மிஞ்சுவதைச் சிறு சதுரங்களாக்கி, படலத்துக்குப் படலம் புள்ளியிட்டு, முக்கியத்துவத்துக்கு ஏற்ப நிறை கொடுத்துக் கூட்டுவார்கள். தூரத்தையும் கோடு போட்டு அளக்காமல், வீதி வழியே எத்தனை நிமிடம் என்று கணக்கிடலாம். மாரியில் நீர் மேவும் வீதியை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிட்டால், கோடையில் முதலிடம் பெற்ற காணி பின்னுக்குப் போகக்கூடும்.

ஒற்றை அளவை நம்பினால் என்னவாகும் என்பதை இக்கரையோரம் கண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின், இலங்கையின் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று கட்டடத் தடை வலயம் அறிவிக்கப்பட்டது. மேடு பள்ளம் பாராமல் போட்ட கோடு அது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரையில் 200 மீற்றர் என்பது பெரிய நிலம். எதிர்ப்பு எழுந்தபின் அந்த விதி தளர்த்தப்பட்டது. நில உயரத்தையும் மக்களின் தொழிலையும் முதலிலேயே சேர்த்துப் பார்த்திருந்தால், இடத்துக்கு இடம் வேறுபடும் எல்லை கிடைத்திருக்கும்.

ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியாததையா கணினி சொல்லப்போகிறது என்று கேட்கலாம். 2011 ஜனவரி வெள்ளம் எந்த ஒழுங்கை வரை வந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அதைக் கேட்டுப் பதிந்தால் அதுவும் ஒரு படலமாகிவிடும். ஓர் ஊர் அறிந்ததை இன்னோர் ஊர் அறிந்ததோடு ஒரே கணக்கில் வைத்துப் பார்க்க அப்போது வழி பிறக்கும். நிறையை மாற்றி, வேண்டியவரின் காணியையே முதலிடத்துக்குக் கொண்டுவரலாமே என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். அது உண்மைதான். பாலத்துக்கு எத்தனை நிறை, வெள்ளத்துக்கு எத்தனை நிறை என்று முடிவெடுப்பது மனிதர்கள். ஆனால் மூடிய அறையில் எடுக்கும் முடிவில் தெரியாத பாரபட்சம், இங்கே எண்ணாக எழுதப்பட்டிருக்கும். எவரும் அதை மாற்றிச் சரிபார்க்கலாம். ஆகவே அடுத்த கட்டடத்துக்குக் காணி தெரிவுசெய்யும்போது, பிரதேச செயலகத்திடம் வரைபடத்தை மட்டும் கேளாதீர்கள். நிறைப் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள்.