ஹைபிரிட் காரும் அதன் நோய்களும்

தமிழாசிரியனுக்கும் மோட்டார் வண்டிக்கும் யாது தொடர்பென்று அன்பர்கள் வினவுதல் கூடும். எமக்கு அத்தொடர்பு கடன் வழியாக வந்தது. 2017ஆம் ஆண்டிலே, யப்பானில் ஓடிப் பழகிய மூன்றாந் தலைமுறைப் பிரியஸ் கார் ஒன்றைக் கடன்பட்டு வாங்கினோம். கடன் தீராதிருக்கையில், 2023 பங்குனியில், வவுனியாவைக் கடந்து யாழ்ப்பாணம் திரும்பும் வழியில், முகப்பிலே சிவந்த முக்கோணம் ஒன்று சுடர்விட்டது. நாம் முதலிற் சென்ற கராச்சிலே, பெரிய பற்றரி இறந்துவிட்டது, புதிது போடவேண்டும் என்றனர். அவர்கள் கேட்ட தொகை எமது எட்டு மாதச் சம்பளம்.

அத்தொகை எம்மிடம் இல்லாமையே அன்று எம்மைக் காத்தது. எம்மிடம் தமிழ் கற்ற மாணவர் ஒருவர் இத்தொழிலில் இருப்பது நினைவுக்கு வர, அவரிடம் வண்டியைக் கொண்டு சென்றோம். அவர் சிறு கணினியொன்றை இணைத்துப் பிழைக் குறியீடுகளைப் படித்தார். பின்னாசனத்தின் பக்கத்தேயுள்ள மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்த விசிறியைத் தூசியும் மயிரும் பஞ்சும் கம்பளம்போற் போர்த்திருந்தன. “சேர், பற்றரி சாகேல்லை, அதுக்கு மூச்சு முட்டிப்போச்சு” என்றார். அரைநாட் கூலியோடு நோய் தீர்ந்தது. இனிக் கூறுவன பெரும்பாலும் அம்மாணவரிடம் நாம் மாணவராயிருந்து கற்றவை.

ஹைபிரிட் கார் என்பது பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டாரும் ஒருங்கே அமைந்த வண்டியாகும். பிரேக் பிடிக்கும்பொழுது வீணாகும் விசையை மோட்டார் மின்னாக மாற்றிப் பற்றரியிற் சேர்க்கும். புறப்படும்பொழுது அம்மின் மோட்டாரை உந்தும். பிரியஸ் 1997 மார்கழியில் யப்பானிலே விற்பனைக்கு வந்தது. இலங்கையிலோ, வரிச் சலுகை கிடைத்த காலத்தில் இவ்வகை வண்டிகள் பெருந்தொகையாக வந்திறங்கின. 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 மாசியிலேதான் வழி திறந்தது. ஆகவே எம்மவரிற் பலர் வைத்திருப்பவை பத்தாண்டு கடந்த முதிய வண்டிகள். முதுமைக்குரிய நோய்கள் அவற்றுக்கு வருதல் இயல்பே.

மூன்றாந் தலைமுறைப் பிரியஸின் பெரிய பற்றரியில் 28 பகுதிகள் தொடராக இணைந்துள்ளன. பகுதி ஒவ்வொன்றும் 7.2 வோல்ற்று, கூட்டினால் 201.6 வோல்ற்று. அக்குவா என்னும் சிறிய வண்டியில் 20 பகுதிகள், 144 வோல்ற்று. சங்கிலியில் ஒரு கண்ணி நைந்தாலும் முழுச் சங்கிலியும் பயனற்றதாதல்போல, ஒரு பகுதி தளர்ந்தாலும் முழு அடுக்கும் தளர்ந்ததாகவே கணினி கொள்ளும். பற்றரியை விரைவிற் கெடுப்பது வெப்பம். அதனைக் குளிர்விக்க, வண்டிக்குள் இருக்கும் காற்றையே விசிறி இழுத்துச் செலுத்துகிறது. பின்னாசனத்துப் பக்கமுள்ள சாளரவாயைப் பையாலோ துணியாலோ மறைத்தால் அக்காற்று நின்றுவிடும். எம் மண்ணின் புழுதியோ அவ்வாயை மெல்ல மெல்ல அடைத்தே தீரும். ஆண்டுக்கொருமுறை விசிறியைத் துப்புரவாக்கப் பெருஞ்செலவில்லை.

பற்றரி உண்மையாகவே முதுமையுற்றால் மூன்று வழிகள் உள. தளர்ந்த பகுதியை மட்டும் மாற்றுவது முதலாவது, செலவு குறைவு. ஆயின் எஞ்சிய பகுதிகளும் அதே வயதினவாதலால், சில மாதங்களில் அடுத்தது விழும். வண்டியை விற்க எண்ணுவோர் இவ்வழியை விரும்புவது ஏனென்று யாம் கூற வேண்டியதில்லை. யப்பானிற் கழித்த பற்றரியை வாங்கிப் பூட்டுதல் இரண்டாவது. அதன் வயதை அறிதல் அரிது. புதிதே வாங்குதல் மூன்றாவது. பணம் மிக வேண்டும். அமெரிக்காவில் ரொயோட்டா இப்பற்றரிக்கு எட்டாண்டு அல்லது ஓரிலட்சம் மைல் உத்தரவாதம் அளித்தது. 2020ஆம் ஆண்டு வண்டிகள் முதல் அது பத்தாண்டு அல்லது ஒன்றரை இலட்சம் மைலாயிற்று. பழைய வண்டியை வாங்கிய எமக்கு அத்தகைய காப்பு இல்லை.

செலவைப் பேசுங்கால் ரூபாயின் வீழ்ச்சியையும் கூறல் வேண்டும். 2022 பங்குனித் தொடக்கத்தில் டொலர் ஒன்று ஏறக்குறைய 200 ரூபாய். வைகாசியில் ஏறக்குறைய 360. இரண்டாயிரம் டொலர் விலையுள்ள உதிரிப்பாகம் நான்கு இலட்சத்திலிருந்து ஏழு இலட்சத்துக்கு மேலாயிற்று. அவ்வாண்டு பெற்றோல் இன்றி வண்டிகள் வாரக்கணக்கில் நின்றபொழுது வேறொரு தொல்லையும் தோன்றியது. ஹைபிரிட் காரில் 12 வோல்ற்றுச் சிறு பற்றரியும் உண்டு. கணினிகளை விழிக்கச் செய்வது அதுவே. அது வடிந்தால் வண்டி புறப்படாது. முகப்பில் விளக்குகள் பலவும் எரியும். இதனைக் கண்டு பெரிய பற்றரி போயிற்றென்று அஞ்சியவர் பலர். இவ்விரண்டின் விலைக்கும் மடுவுக்கும் மலைக்குமுள்ள வேறுபாடு.

பற்றரியைப் பற்றியே எல்லோரும் பேச, இம்மூன்றாந் தலைமுறை வண்டியில் எம்மை அதிகம் அச்சுறுத்துவது எஞ்சினே. வெளியேறும் புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் எஞ்சினுள் விடும் வழியொன்று இதிலுண்டு, ஈ.ஜீ.ஆர். என்பர். அவ்வழியிற் கரி படிந்து அடைபடும். சிலிண்டர்களுக்குச் செல்லும் புகை ஏற்றத்தாழ்வாகி, வெப்பம் மிகுந்து, ஹெட் காஸ்கெற் பழுதாகிறது என்பது அனுபவமுள்ள மெக்கானிக்குகளின் துணிபு. காலையில் எஞ்சின் முதன்முதல் இயங்கும்போது சில நொடி கடுமையாகக் குலுங்குதல், ஒழுக்கு எதுவும் தெரியாமலே குளிர்நீர் குறைதல் ஆகிய இவ்விரண்டும் அந்நோயின் குறிகள். இவற்றைக் கண்டும் ஓட்டினால் எஞ்சினையே மாற்ற நேரும். கரியை அகற்றுதல் ஒருநாள் வேலை. காஸ்கெற் மாற்றுதல் எஞ்சினின் தலையைக் கழற்றும் வேலை. எந்நிலையில் விழித்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே செலவு வளரும்.

மின்னோட்டத்தை மாற்றும் இன்வேட்டரும் வெப்பத்துக்கு அஞ்சுவதே. அதற்கெனத் தனிக் குளிர்நீரும் மின்பம்பியும் உண்டு. பம்பி நின்றால் இன்வேட்டர் கெடும். மேலும், கணினி நிரலின் குறையால் இன்வேட்டரிலுள்ள திரான்சிஸ்டர்கள் சூடேறிச் சிதையக்கூடுமெனக் கண்டு, 2014 மாசியில் ரொயோட்டா உலகெங்கும் ஏறக்குறைய 19 இலட்சம் பிரியஸ் வண்டிகளைத் திருத்தத்துக்கு அழைத்தது. ஹொண்டாவுக்கும் இத்தகைய இடர் வந்ததுண்டு. 2013இல் வெளிவந்த ஃபிற் ஹைபிரிட் வண்டி அடுத்த ஆண்டு முடியுமுன் பலமுறை திருத்தத்துக்கு அழைக்கப்பட்டது. வண்டியின் சசி இலக்கத்தைக் கொண்டு, உரிய திருத்தம் நிகழ்ந்ததா என்பதை யப்பானிய நிறுவனங்களின் இணையத்தளங்களிலே பார்க்கலாம். வாங்குமுன் பார்ப்பவர் சிலரே. நாமும் பார்த்தோமல்லேம்.

குறையே கூறினோமெனில் அஃது அநீதி. இவ்வண்டியிலே தனி ஸ்ராட்டர் மோட்டாரும் இல்லை, ஓல்ற்றனேற்றரும் இல்லை. பழுதாக அவை இருந்தாலன்றோ! மோட்டாரே வேகத்தைத் தணிப்பதால் பிரேக் கட்டைகள் நெடுங்காலம் உழைக்கும். ஆயினும், செம்மஞ்சள் நிறக் கம்பிகளை மட்டும் எவரும் தாமே தொடலாகாது. அவற்றில் ஓடுவது உயிர்கொல்லும் மின்.

எமது கடன் சென்ற ஆண்டு தீர்ந்தது. யப்பானிலிருந்து வந்த அதே பற்றரிதான் இன்றும் உழைக்கின்றது. குளிர்நீர் மட்டும் சென்ற மாதம் விரலளவு குறைந்திருந்தது. வரும் சனிக்கிழமை கரி அகற்ற வண்டியை அம்மாணவரிடம் விடுகிறோம்.