மின்சாரத்தில் கலக்கும் மாசு எங்கிருந்து வருகிறது?



மின்சாரம் இருக்கிறதா, இல்லையா என்பதையே நாம் பொதுவாகக் கவனிக்கிறோம். ஆனால் வரும் மின்சாரம் சுத்தமானதா என்பதும் ஓர் ஆஸ்பத்திரிக்கு முக்கியம்.

நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை சீராக ஏறி இறங்கும் அலை. யு.பி.எஸ்., கம்ப்யூட்டர், எல்.இ.டி. விளக்கு போன்றவை மின்னோட்டத்தைச் சீராக இழுக்காமல், விட்டுவிட்டு இழுக்கின்றன. அதனால் 150, 250, 350 என்று 50-இன் மடங்குகளில் சிற்றலைகள் கலந்துவிடுகின்றன. இவற்றுக்கு ஹார்மோனிக்ஸ் என்று பெயர். ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தினால் அடிப்படை ஸ்வரத்தோடு மேல் ஸ்வரங்களும் ஒலிக்கின்றன அல்லவா? அதைப் போன்றதே இது. அங்கே அது இனிமை, இங்கே இடைஞ்சல். நியூட்ரல் வயர் சூடாகும், கெப்பாசிட்டர் பழுதாகும். சிகிச்சை நடக்கும் நேரத்தில் பிரேக்கர் விழுந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் சொல்லவேண்டியதில்லை.

சைதாப்பேட்டை போன்ற இடத்தில் சந்தேகம் முதலில் ரயில்மீதே விழும். 1931-இல் தொடங்கிய கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் இவ்வழியே செல்கிறது. 2018 முதல் நிலத்தடியில் மெட்ரோவும் ஓடுகிறது. ஆனால் ரயிலுக்கு மின்சாரம் தனித் துணைமின் நிலையங்களிலிருந்து வருகிறது. தெரு டிரான்ஸ்பார்மரிலிருந்து அல்ல. ஆகவே ஊகம் போதாது, அளந்து பார்க்கவேண்டும்.

முதலாவது, எந்த மடங்கு என்று பார்க்கிறார்கள். 150 மிகுந்தால் கம்ப்யூட்டர், விளக்கு போன்ற சிறு கருவிகள். 250, 350 மிகுந்தால் மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி, பெரிய யு.பி.எஸ்.

இரண்டாவது, நேரம். ரயில்கள் நின்ற பின், இரவு 2 மணிக்கும் தொல்லை குறையாவிட்டால் வேறு இடத்தில் தேடவேண்டும்.

மூன்றாவது, திசை. வழக்கமான மின்சக்தி துணைமின் நிலையத்திலிருந்து நம்மிடம் வருகிறது. ஹார்மோனிக்ஸோ பெரும்பாலும் அதை உண்டாக்கும் கருவியிலிருந்து எதிர்த்திசையில் செல்கிறது. ஒவ்வொரு லைனிலும் ஒரே நேரத்தில் அளந்தால் வழி தெரியும்.

கடைசியாக, சந்தேகப்பட்ட கருவியைச் சற்று நிறுத்திப் பார்ப்பார்கள்.

ஓர் எச்சரிக்கை: தொல்லை அதிகமாகத் தெரியும் இடமே காரணமான இடம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு கெப்பாசிட்டர், வேறெங்கோ பிறந்த சிற்றலையைப் பலமடங்கு பெருக்கிக் காட்டக்கூடும்.

இன்னொன்றும் உண்டு. ஸ்கேன், எக்ஸ்ரே, லிஃப்ட், யு.பி.எஸ். எல்லாம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கின்றன. துரும்பையும் உத்திரத்தையும் பற்றிய உவமையை நீங்கள் அறிவீர்கள். ஆகையால் அளக்கும் கருவியை முதலில் நம் மெயின் போர்டில் பொருத்துவதே முறை.