இசைத்தட்டு நாட்கள் – 9: கிட்டார் எங்கே போனது?

போன வாரம் 'ஓகே கம்ப்யூட்டர்' பற்றி எழுதினேன். 1997-ல் வந்த அந்த ஆல்பத்தை மூன்று வருடம் விடாமல் கேட்டவன் நான். ஜானி கிரீன்வுட்டின் கிட்டார் எந்த இடத்தில் கிழித்துக்கொண்டு வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆகவே 2000 அக்டோபரில் ரேடியோஹெட்டின் அடுத்த ஆல்பம் 'கிட் ஏ' வந்தபோது எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கிட்டார் மட்டும்தான்.

முதல் பாட்டு கீபோர்டில் தொடங்கி கீபோர்டிலேயே முடிந்தது. தாம் யார்க்கின் குரலைத் துண்டு துண்டாக நறுக்கி அங்கங்கே தூவியிருந்தார்கள். இரண்டாவதில் அது மனிதக் குரலாகவே இல்லை. மூன்றாவதில் ஊதுகருவிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. ஐந்தாவது, 'ட்ரீஃபிங்கர்ஸ்'. சொல் கிடையாது, தாளம் கிடையாது. மூடுபனி மாதிரி ஏதோ ஒன்று மூன்றரை நிமிடத்துக்கு மேல் நகராமல் நின்றது. அத்தோடு நிறுத்திவிட்டேன். நெடுநாள் கழித்துப் பார்த்த நண்பன் முகம் கொடுக்காமல் போய்விட்டது போல நெஞ்சு வலித்தது.

குழுவுக்குள்ளும் இதே தவிப்பு இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. முந்தைய ஆல்பத்துக்காக ஊர் ஊராகப் பாடி ஓய்ந்துபோன யார்க்குக்கு ராக் இசையே கசந்துவிட்டது. ஏஃபெக்ஸ் ட்வின், ஆட்டெக்கர் என்று மின்னணு இசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். 1999 தொடக்கத்தில் பாரிஸில் ஆரம்பித்த ஒலிப்பதிவு கோபன்ஹேகன், இங்கிலாந்து என்று இழுத்துக்கொண்டே போனது. மற்ற நால்வருக்கும் தாங்கள் எதை வாசிப்பதென்றே பிடிபடவில்லை. சின்னச் சின்ன கிட்டார் பாட்டுகளுக்குத் திரும்பலாம் என்ற ஆசையோடு இருந்தவர் எட் ஓ'பிரையன். அவர் வாசித்த கிட்டார் துணுக்குகளை எடுத்து, கணினியில் கரைத்து, யார்க் உருவாக்கியதுதான் 'ட்ரீஃபிங்கர்ஸ்'.

இதைப் படித்த அன்று வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கிட்டார் இல்லையென்று நான் வெறுத்து நிறுத்திய பாட்டு முழுக்கக் கிட்டார்!

அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து கேட்டேன். மேலே நாலாவது பாட்டைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். முதல் தடவை அது என் காதிலேயே விழவில்லை. 'ஹவ் டு டிஸப்பியர் கம்ப்ளீட்லி'. டப்ளினின் லிஃபி ஆற்றின்மேல் மிதந்துபோவதாக யார்க் கண்ட கனவு அதில் இருக்கிறது. அடியில் சாதாரண அக்கூஸ்டிக் கிட்டார், மேலே வயலின்கள். அந்த வயலின்களை ஆக்ஸ்போர்டுக்கு அருகில் டார்செஸ்டரின் பழைய தேவாலயத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். கிரீன்வுட் அதில் ஓந்த் மார்த்தனோவும் வாசிக்கிறார். 1928-ல் பிரான்ஸில் அறிமுகமான மின்கருவி அது. விரலில் மாட்டிய வளையத்தைக் கம்பியோடு இழுக்க இழுக்க சுரம் அறுபடாமல் வழுக்கிப் போகும். கமகத்தில் ஊறிய காதுக்கு அதில் அந்நியமாக எதுவும் இல்லை. கடைசி நிமிடங்களில் வயலின்கள் சுருதியைவிட்டு விலகி, மூழ்குகிறோமோ என்று பயம் வருகிற நேரத்தில் ஒன்றுசேர்கின்றன. அந்த இடத்தில் அழுதேன். இந்த ஆல்பத்தைக் குளிர்ந்த இயந்திரம் என்பவர்களோடு அன்றிலிருந்து நான் ஒத்துப்போவதில்லை.

எட்டாவது பாட்டான 'இடியோடெக்' இயந்திரமேதான். அதற்கும் ஒரு வேர் உண்டு. அதில் சுழன்று வரும் நாலு கார்டுகள், பிரின்ஸ்டனில் பால் லான்ஸ்கி 1973-ல் ஐ.பி.எம். கணினியைக் கொண்டு உருவாக்கிய இசையிலிருந்து, அவருடைய அனுமதியோடு எடுத்தவை. யாரோ எப்போதோ பொறுமையாகச் செய்துவைத்தது, கால் நூற்றாண்டு கழித்து இன்னொருவர் பாட்டில் மூச்சு விடுகிறது.

பத்தாவது பாட்டில் ஆர்மோனியம் போல ஒரு பெடல் ஆர்கன், கூடவே ஹார்ப். பாட்டு முடிந்தபின் மௌனம். அதற்குப்பின் அரை நிமிடமோ என்னவோ ஓர் ஒலி எழுந்து அடங்கும், மறுபடியும் மௌனம். பிளேயரில் எண்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அவை நிற்கும்வரை இன்றைக்கும் நான் எழுந்திருப்பதில்லை.

(தொடரும்)