போன நாள்: வலசைப் பதிவின் இன்மை குறித்து

பறவை பார்ப்பவர்களின் நோட்டுப் புத்தகங்களில் வருகைக்குத் தேதி உண்டு. போக்குக்குப் பெரும்பாலும் இல்லை. பார்ப்பவரின் சோம்பலை இதற்குக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. பதிவு என்கிற செயலுக்குள்ளேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. புரட்டாசியில் ஒரு காலை தகைவிலான் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கிறது. நேற்று இல்லை, இன்று இருக்கிறது, எழுதிவிடலாம். பங்குனியிலோ சித்திரையிலோ அதே கம்பியில் அது உட்காரும் கடைசிக் காலை மற்றக் காலைகளைப் போலவேதான் இருக்கும். அது கடைசி என்பதை அடுத்தடுத்து வரும் வெறும் கம்பிகள்தான் சொல்ல வேண்டும். பின்னால் திரும்பி வாசிக்கும்போது மட்டுமே அர்த்தம் பெறும் பதிவு இது. (சிற்றிதழ்களின் கடைசி இதழும் இப்படித்தான். எந்த ஆசிரியரும் அட்டையில் 'கடைசி' என்று அச்சடித்து நான் பார்த்ததில்லை.)

மணக்குடி உப்பளத்தில் பாத்தி வரப்பில் நின்ற ஒருவரிடம் கேட்டேன். "எப்பம் போச்சுன்னு யாரு கண்டா? காலம்பற வந்து பாத்தா காணல்ல" என்றார். இதைவிடத் துல்லியமாக இந்தப் பிரச்சினையை யாரும் சொல்லிவிட முடியாது.

ஆனால் போவதற்கான அறிகுறிகள் உடம்பில் எழுதப்படுகின்றன. சுசீந்திரம் குளத்தில் மாசி வரை வெள்ளையாகத் திரிந்த மீசை ஆலாக்களுக்குப் பங்குனியில் வயிறு கறுக்கத் தொடங்கும். உப்பளத்து உள்ளான்களில் மூக்கு நுனி கீழே வளைந்த ஓரினம் உண்டு (வளைமூக்கு உள்ளான் என்றே எழுதுகிறேன்). குளிர்காலமெல்லாம் சாம்பலும் வெள்ளையுமாக இருப்பது, சித்திரையில் செங்கல் நிறத்துக்கு மாறிவிடும். கூடவே கொழுப்பு சேரும். நமக்குக் கத்திரி வெயில் நெருங்கும்போது அது சைபீரியத் துருவக் கரையின் பனி உருகலுக்குத் தயாராகிறது.

அதற்கு எப்படித் தெரியும்? குமரிமுனையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லை. வெளிச்சத்தை வைத்து மாதம் கணிப்பது இங்கே கடினம். எபர்ஹார்ட் குவின்னர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1960களில் ஒரு வகைக் கதிர்க்குருவிகளை மாறாத பன்னிரண்டு மணி நேர வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பருவம் என்பதே இல்லாத கூண்டிலும் இறகு உதிர்ந்து முளைத்தது. வலசைக் காலத்தின் இரவு நேரத் தவிப்பும் வந்தது. ஏறத்தாழ ஓராண்டு ஓடும் கடிகாரம் உடலுக்குள் இருக்கிறது. வெளியுலகம் அதைத் திருத்திக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

நம் கவிகளுக்கு இந்தத் திசை தெரிந்திருந்தது. புறநானூற்றில் பிசிராந்தையார் அன்னத்தை அழைப்பதும், சத்திமுற்றப் புலவர் நாரையை அழைப்பதும் அவை குமரியிலிருந்து வடக்கே திரும்பும்போதுதான். இருவருக்குமே செய்தி போக வேண்டிய ஊர் வடக்கே இருக்கிறது என்பது எளிய காரணம். சத்திமுற்றத்தார் வாடையில் நடுங்குகிறார், நாரையோ திரும்பத் தொடங்கிவிட்டது. இரண்டும் பொருந்தும் மாதம் மாசியாக இருக்கலாம். மச்சைத் துளைக்கும் பனி அந்த மாதத்துக்குத்தானே.

இன்றைய பத்திரிகை மொழியில் இந்தத் திரும்புதல் இல்லை. 'வெளிநாட்டுப் பறவைகள் வருகை' என்று ஆண்டுதோறும் ஒரே தலைப்பு, பெரும்பாலும் கீழே வேடந்தாங்கல் படம். படத்தில் இருப்பதோ கூழைக்கடா, நத்தை கொத்தி நாரை, பாம்புத்தாரா. அவை அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை. இந்த நாட்டுப் பறவைகள். உண்மையில் சைபீரியாவிலிருந்து வரும் உள்ளான் படத்துக்கு ஏற்ற அழகில்லை. அதையும் 'விருந்தாளி' என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. வளைமூக்கு உள்ளான் இங்கே எட்டு மாதம்போல இருக்கிறது, முட்டையிடும் மண்ணில் இரண்டு மாதம்போல. ஆண் பறவைக்கு அதுகூட இல்லை, குஞ்சு பொரிக்கும் முன்பே கிளம்பிவிடும். எட்டு மாதம் தங்குவதை என்னத்துக்கு விருந்தாளி என்கிறோம்?

'உள்ளான்' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். பிடித்துத் தின்றவர்களின் சொல் அது. கறிக்குப் பத்துப் பதினைந்து இனங்களைப் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. கொசு உள்ளான் போன்ற பெயர்கள் உண்டென்றாலும் பேச்சில் எல்லாமே உள்ளான்தான். ஓரினம் முழுக்கப் போய்விட்ட பிறகும் மற்றொன்று பாத்தியில் நின்றால் 'உள்ளான் கெடக்கு' என்ற வாக்கியம் உண்மையாகவே இருக்கும்.

கணக்கெடுப்பும் வருகையின் பக்கமே சாய்ந்திருக்கிறது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரியில் நடக்கிறது. தமிழ்நாட்டின் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும், பெயரே சொல்வதுபோல, தை மாதத்தில். நியாயம்தான், அப்போதுதான் கூட்டம் அதிகம். ஆனால் ஜனவரி எண்ணிக்கை எத்தனை தங்கின என்பதைத்தான் சொல்லும். எப்போது கிளம்பின, கிளம்பும் முன் போதிய தீனி கிடைத்ததா என்பதை ஏப்ரலில் உப்பளத்துக்குப் போனவர்தான் சொல்ல முடியும். அந்த வெயிலில் யாரு போறா?

இது வெறும் பட்டியல் நேர்த்தி பற்றிய கவலை இல்லை. 2024இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் கரையோரப் பறவைகள் பலவற்றின் நிலையை மறுபரிசீலனை செய்தபோது, வளைமூக்கு உள்ளான் 'அழிவுக்கு உள்ளாகக்கூடியது' என்ற வகைக்கு நகர்த்தப்பட்டது. ஓர் இனத்தின் மறைவும் போன நாளைப் போலத்தான், நிகழும்போது தெரிவதில்லை. 'இல்லை' என்று எழுதுவதற்கு அங்கே ஒருவர் போயிருக்க வேண்டும். போகாத நாளின் வெற்றுப் பக்கமும், போய்ப் பார்த்து ஒன்றும் இல்லாத நாளின் வெற்றுப் பக்கமும் ஒரே மாதிரி தெரிவதுதான் ஆபத்து. இபேர்ட் தளம் 'கண்டதையெல்லாம் எழுதிவிட்டீர்களா' என்று கேட்பதன் காரணம் இதுதான். 'ஆம்' என்றால் அந்தப் பட்டியலில் இல்லாத ஒவ்வோர் இனமும் ஒரு சான்றாகிறது. நான் தேதி, நேரம், நின்ற இடம் எழுதி, அதற்குக் கீழே 'வளைமூக்கு: 0' என்று போடுகிறேன். மூன்று நாலு பூஜ்யம் சேர்ந்த பிறகுதான் அதற்கு மேலே உள்ள தேதிக்குக் கோடிடுவது.

மே மாதத்துக்குப் பிறகும் சில தங்கிவிடும். பெரும்பாலும் முதலாண்டுப் பறவைகள். செங்கல் நிறம் ஏறாமல், சாம்பலாகவே, ஜூன் மழையில் பாத்தி ஓரம் நிற்கும். அடுத்த ஆண்டுதான் அவை வடக்கே போகும். அவற்றையும் எண்ண வேண்டியிருக்கிறது, தனிப் பத்தியில்.